முடக்கப்பட்ட கணக்கும் 14 நாள் கெடுவும்

இணையப் பண மோசடி வழக்கொன்றில் வெளிமாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டதால் வங்கிக் கணக்கு முடங்கிப்போன கடலூர், சிதம்பரம் வாசகர்களின் கடிதங்களில், முடங்கிய நாளிலிருந்து, விளக்கம் தருவதற்கான 14 நாள் கெடு தானாகவே ஓடத் தொடங்கும் என்ற எண்ணம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அவ்வாறு கூறவில்லை. ஒரு சொத்து குற்றத்தின் வழியே வந்தது எனக் கருதிக் காவல்துறை நீதிமன்றத்தை அணுகி, நீதிமன்றம் உரியவரிடம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினால் மட்டுமே அந்தக் கெடு பிறக்கிறது.

காவல்துறை கையாள்வதோ பெரும்பாலும் 106-ஆம் பிரிவையே. சந்தேகத்துக்குரிய சொத்தை முன்னறிவிப்பின்றிக் கைப்பற்ற அது இடமளிக்கிறது, கைப்பற்றியதை உடனே குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது; வங்கிக் கணக்கும் அத்தகைய சொத்தே என்று முந்தைய சட்டத்தின் கீழ் ஓர் ஊழல் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தவுடன், அப்பணம் கைமாறிய கணக்குகள் அடுக்கடுக்காகத் தொடரப்படுகின்றன. கடலூர் முதுநகரில் மீன் விற்பவரின் க்யூஆர் கோடுக்கு அந்தச் சங்கிலியிலிருந்து 300 ரூபாய் வந்திருந்தாலும், முழுக் கணக்கும் முடங்கி, மறுநாள் ஏலத்தில் எடுத்த மீனுக்குப் பணம் கொடுக்க முடியாமல் அவர் நிற்க நேரிடும். இவ்வாறு தடுத்துவைக்கப்பட்ட தொகையையே 'காப்பாற்றப்பட்ட பணம்' என்று அரசு அறிவிக்கிறது. அது இழந்தவரின் கைக்குத் திரும்பிய பணம் அன்று என்பதையும், அதனோடு சேர்ந்து யாருடைய உழைப்பு முடங்கியது என்பதையும் அந்த அறிவிப்பு சொல்வதில்லை.

தெலங்கானா காவல்துறையின் கோரிக்கையால் முடக்கப்பட்ட ஒரு கணக்கு குறித்து 2024-இல் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐயத்துக்குரிய சுமார் 2.5 லட்சம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, எஞ்சிய தொகையைக் கையாள அனுமதித்தது. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பறிப்பதாகும் என்ற இந்த நியாயத்தை ஒவ்வொரு காவல் நிலையமும் வங்கியும் தாமாகவே பின்பற்றியிருக்க வேண்டும்.

கணக்கு முடங்கியவர் முதலில் கேட்டுப் பெற வேண்டியது எது? முடக்கக் கோரிய காவல் நிலையம், புகார் எண், ஐயத்துக்குரிய தொகை ஆகியவற்றை வங்கியிடமிருந்து எழுத்தில் பெற வேண்டும்.

உள்ளூர் சைபர் கிரைம் போலீஸார் விடுவிப்பார்களா? மாட்டார்கள், முடக்கக் கோரிய நிலையமே முடிவெடுக்கும்.

உயர் நீதிமன்றத்தை அணுகலாமா? அணுகலாம்.

வியாபார இழப்புக்கு ஈடு உண்டா? 106-ஆம் பிரிவில் இல்லை. நாடாளுமன்றம் சேர்த்தாக வேண்டிய பகுதி அதுவே.