மாற்றுச் சிறுநீரகமும் ரி கலங்களின் செய்தியும்

கண்டி தேசிய வைத்தியசாலையில் ஒருவருடைய சிறுநீரகம் இன்னொருவருக்குப் பொருத்தப்படும்போது, அறுவைச் சிகிச்சை எவ்வளவு செம்மையாக நடந்திருந்தாலும், அவ்வுறுப்பு நிலைக்குமா என்பதைப் பெறுபவரின் ரி கலங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து அறியப்பட்டுவரும், காரணம் துலங்காத சிறுநீரக நோய் பலரை மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் நிலைக்குத் தள்ளியிருப்பதால், தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து, தன்னுடையதையும் அயலானதையும் பிரித்தறியும் இவ்வெண்குருதிக் கலங்களின் இயல்பு இலங்கையருக்கு ஏட்டறிவு மட்டுமன்று.

அயற்புரதத்தைக் கண்ட மாத்திரத்தில் ரி கலம் செயலில் இறங்கிவிடுவதில்லை. அப்புரதத்தின் துணுக்கு அதன் வாங்கியில் பொருந்துவது முதற்சைகை. துணுக்கைக் காட்டும் கலம் தன் மேற்பரப்பிலுள்ள துணை மூலக்கூறுகளால் அதை உறுதிப்படுத்துவது இரண்டாவது. பெருகுவதற்கான ஆணையோ, கலங்கள் செய்தி பரிமாறுவதற்காகச் சுரக்கும் சைற்றோகைன்கள் என்னும் சிறு புரதங்களின் வழியே வருகிறது. அவற்றுள் 1976இல் ரி கலங்களின் வளர்ச்சிக் காரணியாக அறிவிக்கப்பட்ட இன்ரர்லூக்கின்-2 முதன்மையானது. வியப்பு என்னவெனில், விழிப்படைந்த கலம் இப்புரதத்தைத் தானே சுரப்பதோடு, அதைப் பற்றும் வாங்கியையும் தானே நிறைவுசெய்துகொள்கிறது: ஓய்விலிருக்கையில் இரு கூறுகளே கொண்ட வாங்கியில் அல்பா என்னும் மூன்றாவது கூறு சேர்ந்ததும் அதன் பற்றுதிறன் ஏறத்தாழ நூறு மடங்காகிறது. பின்னர் உள்ளிருக்கும் ஜாக் நொதியங்கள் ஸ்ரட்-5 என்னும் புரதத்தைத் தூண்ட, அது கருவினுள் சென்று வளர்ச்சிக்குரிய பரம்பரை அலகுகளை இயக்க, ஒரு கலம் சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது.

உறுப்பு மாற்றத்தின் பின் வழக்கமாகக் கொடுக்கப்படும் ரக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானிய மண்ணில் வாழும் பக்ரீரியா ஒன்றிலிருந்து கண்டறியப்பட்டது. அது கல்சினியூரின் என்னும் நொதியத்தை முடக்குவதால், இன்ரர்லூக்கின்-2இன் உற்பத்தி தொடக்கத்திலேயே தடைப்படுகிறது. பசிலிக்சிமாப் என்னும் ஊசிமருந்தோ அல்பா கூற்றை மறைத்து, வந்த செய்தி சேராமற் செய்கிறது.

ஆயினும் இச்செய்தியை அடியோடு அணைப்பது நன்றன்று. அல்பா கூற்றை எப்போதும் தாங்கிநிற்கும் ஒழுங்காக்கும் ரி கலங்களை 1995இல் சிமோன் சகாகுச்சி இனங்காட்டினார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். ஏனைய ரி கலங்களை அடக்கிவைக்கும் இக்கலங்களும் உயிர்வாழ இன்ரர்லூக்கின்-2ஐயே நம்பியுள்ளன. மருந்து மிகுந்தால் தொற்று எளிதில் பற்றும்; குறைந்தால் ரி கலங்கள் மீண்டும் பெருகி உறுப்பைத் தாக்கும். குருதியில் ரக்ரோலிமஸின் அளவு அடிக்கடி சோதிக்கப்படுவது இதனாலேயே. ஆகவே, உடல் தேறிவிட்டது என்றெண்ணி, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற எவரும் வைத்தியரைக் கேளாமல் ஒருவேளை மாத்திரையையேனும் நிறுத்தலாகாது.