முதலில் முடக்குங்கள், பிறகு விசாரியுங்கள்

ஆன்லைன் விளையாட்டுக் கணக்கைத் திருடுபவன் உள்ளே நுழைந்ததும் பதிவு செய்த மின்னஞ்சலை மாற்றுகிறான். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைத் தன் போனோடு இணைத்து, மற்ற கருவிகளையெல்லாம் லாக் அவுட் செய்துவிடுகிறான். எல்லாம் சில நிமிட வேலை. பறிகொடுத்தவர் கஸ்டமர் கேருக்கு எழுதினால், 'பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து தொடர்புகொள்ளவும்' என்று தானியங்கிப் பதில் வருகிறது. அந்த மின்னஞ்சலோ இப்போது திருடனுடையது. முதல் முறை பணம் கட்டிய ரசீது, கணக்குத் தொடங்கிய தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நாட்கள் கழிய, ஸ்கின்களும் காயின்களும் கைமாறிவிடுகின்றன. உரிமையாளர் யார் என்று நிறுவனம் நிதானமாக விசாரிப்பதை நான் குறை சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை கணக்கைத் திருடன் கையிலேயே விட்டுவைப்பதுதான் குற்றம்.

கஸ்டமர் கேர் கண்டிப்பாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2022 ஜனவரியில் ஃபிஃபா 22 விளையாட்டின் பிரபல ஆட்டக்காரர்கள் சிலருடைய கணக்குகள் பறிபோயின. அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் விசாரித்தபோது, திருடர்கள் நிறுவனத்தின் சேவைப் பிரிவு ஊழியர்களையே மிரட்டியும் ஏமாற்றியும் இரண்டடுக்குப் பாதுகாப்பைத் தாண்டியிருந்தது தெரிந்தது. பாதிக்கப்பட்டவை 50-க்கும் குறைவான கணக்குகள்தான். ஆனாலும் அதன் பின், மின்னஞ்சலை மாற்ற மேலதிகாரியின் ஒப்புதல் கட்டாயம் என்று நிறுவனம் அறிவித்தது. 'நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று பயனரைக் கடிந்துகொள்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பூட்டும் போட்டு வைத்தவர்கள்கூட நிறுவனத்தின் வாசல் வழியாகவே பறிகொடுத்தார்கள்.

இரக்கப்பட்டுக் கணக்கை யாரிடமும் உடனே ஒப்படைக்கக் கூடாது என்பதே அந்தச் சம்பவம் சொல்லும் பாடம். ஒப்படைப்பது வேறு, முடக்கிவைப்பது வேறு. ஏடிஎம் கார்டு தொலைந்தது என்றால் வங்கி முதலில் கார்டை பிளாக் செய்கிறது; மற்ற விசாரணை பிறகுதான். போட்டி ஆட்டக்காரன் பொய்ப் புகார் கொடுத்து அடுத்தவர் கணக்கை முடக்கமாட்டானா என்று கேட்கலாம். மாற்றத்துக்கு முன்பிருந்த மின்னஞ்சலிலிருந்தோ, நெடுநாள் பயன்படுத்திய போனிலிருந்தோ வரும் புகாரை மட்டும் ஏற்றால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அப்படியும் தவறு நேர்ந்தால், ஒருவருக்கு இரண்டு நாள் ஆட்டம் போகும். முடக்காமல் விட்டாலோ, இன்னொருவரின் பல வருட உழைப்பு போகிறது. இரண்டும் ஒன்றல்ல.

தாமதத்தையே பாதுகாப்பாக்க முடியும் என்பதற்கு ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளம் சாட்சி. மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் திருடப்படுவதாக அதை நடத்தும் வால்வ் 2015 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னது; பறிகொடுப்பவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் உண்டு என்றது. மொபைல் சரிபார்ப்பு இல்லாதவர்கள் கைமாற்றும் பொருட்களை மூன்று நாள் வரை நிறுத்திவைக்கும் முறையை அப்போது கொண்டுவந்தது. 2025-இல் இன்னும் ஒரு படி முன்னேறி, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பொருட்களின் பரிமாற்றத்தை ஏழு நாட்களுக்குள் பயனரே ரத்து செய்ய வழிசெய்தது. எந்த அதிகாரியின் தயவும் இதற்குத் தேவையில்லை.

'வெறும் விளையாட்டுதானே, இதற்கு இவ்வளவா?' என்ற கேள்விக்கு ஃபோர்ட்நைட் வழக்கு பதில் சொல்கிறது. விரும்பாத வாங்கல்களில் பயனர்களைச் சிக்கவைத்ததாக வந்த குற்றச்சாட்டில், அந்த விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022-இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் உடன்பட்டது. அனுமதியில்லாமல் எடுத்த பணத்தைக் கேட்டு கார்டு நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்குகளை எபிக் பூட்டியது என்பதும் அந்தப் புகாரில் உண்டு. ஆக, கணக்கைப் பூட்டும் வசதி இந்தத் துறையிடம் இல்லாமல் இல்லை.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள் விற்பனைக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் பிளேயர் ஐடியையும் பணம் கட்டிய ரசீதுகளையும் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். கணக்கு பறிபோனால், 'மீட்டுத் தாருங்கள்' என்று தொடங்காதீர்கள். 'உடனே முடக்குங்கள்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.