இனிப்பை மறைக்கும் இலை

சிறுகுறிஞ்சான் இலை இரண்டைப் பறித்து நன்றாக மென்று துப்பிவிடுங்கள். கசக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு சிட்டிகை சர்க்கரையை நாவில் இட்டுப் பாருங்கள். மணலை மெல்லுவது போலிருக்கும்! உப்பும் புளிப்பும் வழக்கம்போல் தெரியும். இனிப்பு மட்டும் அரைமணி நேரம் போலத் தெரியாது. ‘சர்க்கரைக்கொல்லி’ என்று இக்கொடிக்கு மக்கள் பெயரிட்டதில் வியப்பில்லை.

இவ்விந்தையைச் செய்யும் பொருளை 1887-இல் ஆராய்ந்து ஜிம்னமிக் அமிலம் என்று பெயரிட்டவர், உதகமண்டலத்தில் பணியாற்றிய வேதியியலார் டேவிட் ஹூப்பர். அது ஒரே பொருளன்று, ஒன்றையொன்று ஒத்த பல சப்போனின்களின் கூட்டம் என்பது பின்னர் தெரிந்தது. நாவில் இனிப்பை உணரும் புரதத்தில் இவை ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை வந்த செய்தி மூளைக்குப் போவதில்லை.

ஆனால் சர்க்கரை அழியவில்லை, நாவுதான் ஏமாந்தது. விழுங்கியது குடல்வழி இரத்தத்தில் சேரத்தான் செய்யும்.

அப்படியானால் நீரிழிவுக்கு இவ்விலை பயனற்றதா? அப்படியும் சொல்வதற்கில்லை. குடல் சர்க்கரையை உறிஞ்சும் வேகத்தை இது குறைப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டின. சென்னை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை உண்டுவந்த 22 நோயாளிகளுக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சத்து 18 முதல் 20 மாதம் வரை தரப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையையே விட முடிந்தது. எனினும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனை அன்று அது. எனவே முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

இலையை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து உண்டாலோ, சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். இலைப்பொடி உண்பவராயின் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவை அவர் அதற்கேற்பத்தான் கணிக்க வேண்டும்.