கரண்டு வண்டியும் கம்பம்மெட்டு ஜீப்பும்

சென்ற பொங்கலையொட்டி எங்கள் பகுதித் தமிழன்பர்கள் கூடி ஒரு பட்டிமன்றம் நடத்தினார்கள். "மின்சாரக் கார் சுற்றுச்சூழலுக்கு உண்மையான நன்மையா, வெறும் விளம்பரமா?" என்பது தலைப்பு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், 'நன்மையே' அணிக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, டீசல் நாற்றம் இல்லை என்று அடுக்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு ஜீப் டிரைவர் என்னை நிறுத்தினார். தினமும் விடியற்காலையில் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வருகிறவர். "சார், பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. என் ஜீப்பு புகை கக்குதுன்னு சொன்னீங்க, அதுவும் நிசந்தான். ஆனா அந்தக் கரண்டு எங்கயிருந்து வருது? அங்க புகை வரலையா? என் வண்டியில பத்துப் பேர் வர்றாங்க. கார்ல ஒருத்தர்தானே போறாரு?" என்று கேட்டார்.

"அப்புறம் விவரமாச் சொல்றேன்ப்பா" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு ஏன் இந்த அக்கறை?

இடுக்கி மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு ஏலத்தையும் தேயிலையையும் நம்பியது. இரண்டுமே பருவம் தவறினால் தாங்காத பயிர்கள். 2024 கோடையின் வறட்சியில் ஏலச்செடிகள் கருகியதைக் கண்ணால் பார்த்தோம். அதற்கு முன் 2018 ஆகஸ்டில் கொட்டித் தீர்த்த மழையில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்கள் போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

இவற்றையெல்லாம் காரின் புகைக்குழாய் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் காற்றில் கரியமில வாயு கூடக் கூட, மழையும் வெயிலும் அளவு மீறுகின்றன என்பது அறிவியல் கண்ட உண்மை. அந்த அடி முதலில் விழுவது மலைச்சரிவில் லயத்தில் குடியிருப்பவர்கள் மேல்தான். ஆகவே இந்தக் கணக்கை நாம் சரியாகப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கொஞ்சம் பழைய கதை

மின்சாரக் கார் நமக்குப் புதிதல்ல. 1993-லேயே 'லவ்பேர்டு' என்ற சிறிய மின்சாரக் கார் டெல்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தொழில் நடத்தியவர்கள். ஈய பேட்டரியில் ஓடிய அந்த வண்டி சந்தையில் நிலைக்கவில்லை. பிறகு 2001-ல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. லித்தியம் பேட்டரி மலிவாகி, வண்டிக்குள் வந்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வேகம் பிறந்தது. இன்று கேரளத்தில் மின்கம்பத்திலேயே பெட்டி மாட்டி ஆட்டோக்களுக்குச் சார்ஜ் போட வசதி செய்திருக்கிறார்கள்.

கம்பி வழியே வரும் புகை

இனி டிரைவரின் முதல் கேள்வி. இடுக்கியில் இருக்கும் நாம் "நமக்கென்ன, அணை மின்சாரம்தானே" என்று நினைத்துக்கொள்கிறோம். 1940-ல் பள்ளிவாசலில் தொடங்கியது கேரளத்தின் நீர்மின்சாரம். 1976-ல் வந்த இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் நிலையம் ஒன்றே 780 மெகாவாட் திறன் கொண்டது. மலைக்குக் கீழே லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. இராமக்கல்மேட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனாலும் கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அதில் நிலக்கரி மின்சாரம் நிறைய உண்டு. இந்தியா முழுவதற்கும் பார்த்தால், உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது.

கம்பம் வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் எது முல்லையாறு, எது சுருளியாறு என்று பிரிக்க முடியுமா? மின்கம்பியும் அப்படித்தான். எல்லாம் கலந்துதான் வருகிறது. அந்தக் கலவையில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, வண்டியின் பின்னால் வராத புகை எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ நெய்வேலியிலோ வருகிறது. அங்கே குடியிருப்பவர்களும் நம் மக்கள்தானே!

அப்படியானால் லாபமே இல்லையா? கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 100 கிலோமீட்டர் ஓடினால் 15 கிலோ. எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் 18 கிலோ. அதே தூரத்துக்குச் சிறிய மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் இழப்பும் சேர்த்து 16 யூனிட் பிடிக்கும். அதற்கு 11 கிலோ. கம்பியில் போகும் இழப்பு, நிலக்கரி வெட்டும் செலவு எல்லாம் கூட்டி 13 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நிலக்கரி கலந்த இந்த மின்சாரத்தில் ஓடினாலும் நூறு கிலோமீட்டருக்கு 5 கிலோ மிச்சம். லாபம் உண்டு. ஆனால் நான் மேடையில் முழங்கிய அளவுக்கு இல்லை.

பிறக்கும்போதே கடன்

இன்னொன்றையும் நான் மேடையில் சொல்லவில்லை. மின்சாரக் கார் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறது. லித்தியத்தை ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் எடுக்கிறார்கள். சில வகை பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண் தோண்டுகிறார்கள் என்பது உலகம் அறிந்த வேதனை. இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் கோபால்ட் கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

30 யூனிட் கொள்ளும் ஒரு பேட்டரியைச் செய்து முடிக்க 2 முதல் 3 டன் கரியமில வாயு வெளியாகிறது. நூறு கிலோமீட்டருக்கு 5 கிலோ மிச்சம் என்ற கணக்கில் இந்தக் கடன் அடைய ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்றரை வருடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறவருக்குப் பத்து வருடம் ஆனாலும் அடையாது. அதே வண்டிக்குச் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் 15,000 கிலோமீட்டருக்குள் கடன் தீர்ந்துவிடும்.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதும் முக்கியம். 2024 கோடையில் கேரளத்தில் ராத்திரி மின்தேவை எகிறியபோது, அந்த நேரத்தில் வண்டிக்குச் சார்ஜ் போட வேண்டாம் என்று மின்வாரியமே கேட்டுக்கொண்டது. சூரியன் இருக்கும்போது போடுவது நாட்டுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

ஏற்றமும் இறக்கமும்

மலைப்பாதையில் மின்சார வண்டிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கம்பத்திலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். ஒன்றரை டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டரை யூனிட் வேண்டும். இறங்கும்போது டீசல் வண்டி அந்தச் சக்தியையெல்லாம் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறது. வளைவுகளில் பிரேக் தீய்ந்த வாடை அடிக்குமே, அது இதுதான். மின்சார வண்டியில் மோட்டாரே டைனமோவாக மாறிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒன்றரை யூனிட் வரை திரும்பக் கிடைக்கலாம். சமவெளியில் பத்துக் கிலோமீட்டர் ஓட அது போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மேலே முழுச் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிடிக்கும் பிடியும் குறையும். ஆகவே மெட்டிலிருந்து இறங்குகிறவர்கள் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பத்துப் பேர் வரும் ஜீப்

டிரைவரின் இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போகும் டீசல் ஜீப் நூறு கிலோமீட்டருக்கு எல்லாம் சேர்த்து 32 கிலோ கரியமில வாயு விடுகிறது. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 3 கிலோதான். மின்சாரக் காரில் ஒருவராகப் போகிறவரின் கணக்கு 13 கிலோ. அப்படியானால் குற்றவாளி யார்?

ஜீப்பின் டீசல் கரி அந்தப் பெண்களின் நெஞ்சுக்குள் போகிறது என்பதும் மறுக்க முடியாதது. அதற்கு வழி தேடும்போதுதான் ஒன்று கவனத்துக்கு வந்தது. இந்த ஜீப்புகள் காலையில் ஏறி வந்து தோட்டத்தில் நின்றுவிடுகின்றன. வேலை முடிந்து சாயங்காலம்தான் இறங்குகின்றன. வெயில் காயும் நேரமெல்லாம் வண்டி சும்மா நிற்கிறது. அந்த நேரம்தான் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரம்! பிறகு இறங்கும் வழியில் மலையே கொஞ்சம் மின்சாரம் தரும். மின்சார வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் நான் அறிந்த வரையில் வேறில்லை. ஆனால் புது வண்டி வாங்கும் பணம் அந்த டிரைவரிடம் இல்லை. சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்க ஆளிருக்கிறது. பத்துப் பெண்களை ஏற்றி வரும் ஜீப்புக்கு?

நாம் செய்யத்தக்கவை

1. மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள், இருக்கும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதையே பராமரித்து ஓட்டலாம்.

2. தினமும் அதிக தூரம் போகிறவர்கள் மின்சார வண்டிக்கு மாறலாம். பெரிய பேட்டரி மோகம் வேண்டாம். பேட்டரி பெரிதானால் கடனும் பெரிது.

3. கூடுமானவரை பகலில் சார்ஜ் போடுங்கள். கூரையில் சோலார் வைக்க வசதி உள்ளவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். தயாரித்தவரே திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

5. பஸ் இருக்கிற வழிக்கு பஸ்ஸில் போங்கள். பத்துப் பேரோ ஐம்பது பேரோ சேர்ந்து போவதை எந்த பேட்டரியும் வெல்ல முடியாது.

6. தொழிலாளர் ஜீப்புகளுக்குக் குறைந்த வட்டிக் கடனும், தோட்டங்களில் பகல்நேரச் சார்ஜ் வசதியும் வேண்டுமென்று நம் சங்கங்கள் இரு மாநில அரசுகளையும் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, போன மாதம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் அந்த டிரைவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்ப அடுத்த பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் பேசுவீங்க சார்?" என்றார். "பேச மாட்டேன்ப்பா, உன்னை மேடையேத்தப் போறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த முந்தானை விலகும் நாள்தான் என் கட்சி ஜெயித்த நாள்.