உங்களுக்குத் தெரியுமா? மண்ணெண்ணெய் மணக்கும் ஒயின்!

ஜெர்மனியின் பெருமைக்குரிய வெள்ளை ஒயின் ரீஸ்லிங். பாட்டிலில் சில ஆண்டுகள் கிடந்தால் இதில் மண்ணெண்ணெய் வாசம் வரும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த வாசத்துக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

● காரணம், டிடிஎன் என்ற வேதிப்பொருள். திராட்சையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, மெல்ல மெல்ல உருவாவது. பழத்தின் மேல் வெயில் அதிகம் பட்டால் இதுவும் அதிகம். கார்க் மூடி இதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். திருகு மூடி போட்ட பாட்டிலில் அப்படியே தங்கிவிடும். புது ஒயினிலேயே இந்த நெடி தூக்கலாக அடித்தால் மட்டும் அது குறை. இளசில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் வாசம்தான் வர வேண்டும்.

● லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று இருந்தால் இனிப்பில்லாத வகை. சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டக் கூடாது. ரீஸ்லிங்கின் புளிப்பில் அந்த 9 கிராமும் நாக்குக்குத் தெரியாது.

● 1435-ம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் கோட்டைக் கணக்கில், ரீஸ்லிங் கொடிகள் வாங்க 22 ஷில்லிங் செலவு எழுதப்பட்டிருக்கிறது.

● தொட்டுக்கொள்ள? வெண்ணெயில் பொரித்த ட்ரவுட் மீன், பன்றி இறைச்சி ஷ்னிட்செல் (ரொட்டித் தூள் பூசிப் பொரித்த மெல்லிய துண்டு). வெண்ணெயும் கொழுப்பும் திகட்டாமல் புளிப்பு பார்த்துக்கொள்ளும். வசந்த காலத்தில் வெள்ளை அஸ்பாரகஸ். ஜெர்மனியில் அதன் அறுவடை ஜூன் 24-உடன் முடிந்துவிடும். மிளகாய் தூக்கலான கறிக்கு மட்டும் ட்ரோக்கன் சரிவராது. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். லேசாக இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங்கே தேவலை.