இரவல் கடிகாரத்தின் சாட்சி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஸ்டுடியோ படங்களைப் பார்க்கிறவர்கள், முகத்தில் யார் சாயல் தெரிகிறது என்றுதான் முதலில் தேடுவார்கள். படத்தில் இருப்பவர் சொல்ல வந்த சேதியோ பெரும்பாலும் காலில் போட்ட பூட்ஸிலும், பையில் செருகிய பேனாவிலும், கடிகாரம் தெரிய வைத்த மணிக்கட்டிலும் இருக்கிறது. என்னை இன்ன தரத்து ஆளாக மதியுங்கள் என்று ஊருக்குப் போட்ட மனு அது. பூட்ஸுக்கு அவ்வளவு கனமா என்றால், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலேயே சாட்சி உண்டு. 1873இல் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார், நீதிபதி பொறுக்கவில்லை. வழக்கு பாரிஸ் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பிறகு 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்களுக்கு முன்னோடியாக நின்று, லப்போர்த் என்ற குடும்பப் பெயரையும் அவர் சூடிக்கொண்டார். காலணிக்காகக் கடல் தாண்டி வழக்காடிய ஊரில், படத்துக்கு எதைப் போட்டுக்கொள்வது என்று யோசிக்காமலா நின்றிருப்பார்கள்? பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்த சொல்தாக்கள் மார்பில் பதக்கத்தோடு நின்றதற்கும் இதுவே விளக்கம்.

படத்தில் தெரியும் கோட்டும் கடிகாரமும் ஸ்டுடியோக்காரர் கொடுத்த இரவல்தானே, அதில் என்ன அர்த்தம் என்று கேட்கலாம். இரவல் என்பதாலேயே அர்த்தம் கூடுகிறது என்பேன். சொந்தப் பொருள் இருப்பதைத்தான் காட்டும்; இரவல் பொருள் ஆசையைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்டு கெய்ட்டாவும் வந்தவர்களுக்குக் கைக்கடிகாரம், பேனா, ஐரோப்பிய உடை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கடல் கடந்தும் அதே ஆசைதான். படம் விழும்வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால்தான் இந்தப் படங்களில் நாற்காலியும் மேசையும் வந்தன என்பது ஆரம்ப காலத்துக்குச் சரி. 1880களில் உலர் தகடு பரவி, நொடிப்பொழுதில் படம் விழுந்த பிறகும் அவை ஸ்டுடியோவை விட்டுப் போகவில்லையே. பெண்கள் விஷயம்தான் வேறு. ஆண் கையில் பதவியின் அடையாளம். பெண் உடம்பில் வீட்டின் சொத்து. தாலிக்கொடியை மாராப்புக்கு மேலே எடுத்துவிட்டு, வளையல் தெரியக் கையை முன்னால் வைத்தால், அந்தப் படம் பாதி நகைக் கணக்கு. பிற்பாடு அதே மணிக்கட்டில் கைக்கடிகாரமும் மடியில் புத்தகமும் வந்தபோதுதான் அவளும் தன் பேரில் ஒரு மனு போட்டாள்.