வடதுருவத்தில் இந்திய ஆராய்ச்சி: ஹிமாத்ரி நிலையத்தின் பணியும் பயனும்

பள்ளிகளுக்கும் பாசன வாய்க்கால்களுக்கும் நிதி போதவில்லை என்று கூறப்படும் ஒரு நாடு, வடதுருவத்தின் அருகே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்துவது அவசியந்தானா? இவ்வினா நியாயமானதே. பொதுப்பணத்தில் செய்யப்படும் ஒவ்வொரு செலவும் இத்தகைய வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. ஹிமாத்ரி நிலையத்தில் நமது விஞ்ஞானிகள் ஆற்றிவரும் களப்பணியை ஆராய்ந்தால் அதற்குரிய விடை கிடைக்கும்.

நிலையம் அமைந்த வரலாறு

நார்வேயின் வடகரைக்கும் துருவத்துக்கும் இடையே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் உள்ளது. இத்தீவுகளின் மீது நார்வேக்கு இறைமை உண்டென்றும், ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் அங்கு மீன்பிடிக்கவும் தொழில் நடத்தவும் சமவுரிமை உடையவர்கள் என்றும் 1920-ஆம் ஆண்டு பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை கூறுகிறது. அப்போது பிரிட்டிஷ் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்தியாவின் பெயரும் அதில் இடம்பெற்றது.

தீவுக்கூட்டத்தின் மேற்கே, ஏறத்தாழ 79 பாகை வட அட்சரேகையில் அமைந்தது நி-ஒலசுன்ட் என்னும் சிற்றூர். அது முதலில் நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. 1962-இல் நிகழ்ந்த சுரங்க வெடிவிபத்தில் 21 தொழிலாளர் உயிரிழந்தனர்; மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அவ்வூர் படிப்படியாகப் பல நாட்டு விஞ்ஞானிகளின் ஆய்வுக்களமாக மாறியது. இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு 2007 ஆகஸ்டில் அங்கு சென்றது. 2008 ஜூலை 1 அன்று ஹிமாத்ரி நிலையம் திறந்துவைக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இதனை நிர்வகிக்கிறது.

களப்பணியின் தன்மை

ஆய்வுக்குச் செல்வோர் ஓஸ்லோ வழியாக லாங்யர்பியன் நகரை அடைந்து, அங்கிருந்து சிறிய விமானத்தில் நி-ஒலசுன்டுக்குச் செல்கின்றனர். ஊரின் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியை எதிர்கொள்ள நேரிடலாம். ஆதலால், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றவர் துணையின்றி எவரும் வெளியே பணிக்குச் செல்வதில்லை. அங்குள்ள நுண்ணிய வானியல் கருவிகளுக்கு இடையூறு நேராதிருக்கும் பொருட்டு, கம்பியில்லா இணையத் தொடர்புகளுக்குத் தடை உண்டு. எல்லா நாட்டினரும் ஒரே பொது உணவுக்கூடத்தில் உணவருந்துகின்றனர்.

இனி, அளவீட்டுப் பணிகளைக் காண்போம். முதலாவது, பனியாறுகளைப் பற்றியது. பனியாற்றின் மேற்பரப்பில் துளையிட்டு நீண்ட கழிகளை நட்டு, அவற்றின் எவ்வளவு பகுதி வெளியே தெரிகிறது என்பதை அளக்கின்றனர். குளிர்காலத்தில் சேர்ந்த பனியையும் கோடையில் உருகியதையும் ஒப்பிட்டால், பனியாறு வளர்கிறதா தேய்கிறதா என்பது தெரியவரும். ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றதே இது.

இரண்டாவது, கடலைப் பற்றியது. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பநீர் ஊருக்கு அருகிலுள்ள காங்ஸ்பியோர்டன் கடற்கழிக்குள் புகுகிறது. இதன் போக்கை அறிய, 2014 ஜூலையில் ‘இண்டார்க்’ என்னும் கருவித்தொகுதி 192 மீட்டர் ஆழமுள்ள நீரில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது. இதனை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. நீரின் வெப்பம், உப்புத்தன்மை, ஓட்டம் ஆகியவற்றை அது பதிவு செய்கிறது. கருவிகளை அவ்வப்போது மேலே எடுத்து, பதிவுகளைப் பெற்று, பழுது பார்த்து மீண்டும் இறக்குகின்றனர்.

மூன்றாவது, காற்றைப் பற்றியது. சுரங்கத் தொழிலாளரின் குளியல் கட்டடமாக இருந்த குருவபாடெட்டில் 2016-இல் இந்திய வளிமண்டல ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. தொலைதூரத்திலிருந்து காற்றில் வந்து சேரும் கரித்துகள்கள் முதலியவை அங்கு ஆராயப்படுகின்றன. வெண்பனியின் மீது கரித்துகள் படிந்தால், அது சூரிய வெப்பத்தை மிகுதியாக ஈர்த்து விரைவில் உருகும்.

விடுபட்ட குளிர்காலம்

நெடுங்காலம் நமது குழுக்கள் பெரும்பாலும் வெளிச்சமுள்ள மாதங்களிலேயே அங்கு தங்கிவந்தன. அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கு சூரியன் உதிப்பதில்லை. ஆனால், நி-ஒலசுன்டில் வெப்பநிலை மிக வேகமாக உயர்ந்திருப்பது குளிர்கால மாதங்களில்தான். ஜெர்மனி முதலிய நாடுகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்து அளந்து வந்ததாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. கோடையில் மட்டும் அளந்தவர் மாற்றத்தின் முக்கியமான பாதியைக் காணத் தவறியிருப்பர்.

இக்குறையைப் போக்கும் முயற்சியாக 2023 டிசம்பரில் இந்தியாவின் முதல் குளிர்கால ஆய்வுக் குழு ஹிமாத்ரிக்குச் சென்றது. ஆண்டு முழுவதும் நிலையத்தில் பணி நடைபெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். மின்னணுக் கருவிகள் இருக்க, இருளிலும் கடுங்குளிரிலும் மனிதர் ஏன் தங்கவேண்டும் எனக் கேட்கலாம். கருவியின் மீது உறைபனி படியும், மின்கலம் செயலிழக்கும். அருகில் ஆள் இருந்தால் ஒரு நாளில் சீராகும் பழுது, ஆள் இல்லாவிடில் ஒரு பருவத்தின் பதிவையே அழித்துவிடும்.

செலவும் பயனும்

1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளதாக 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நிலத்தின் மீதுள்ள பனி உருகினால் கடல் மட்டம் உயரும். நீண்ட கடற்கரை கொண்ட நமது நாட்டுக்கு இது அயலார் விவகாரமன்று. ஆர்க்டிக் கடற்பனியின் குறைவுக்கும் நமது பருவமழையின் போக்குக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது. முடிவான விடை இன்னும் எட்டப்படவில்லை. 2022 மார்ச்சில் வெளியிடப்பட்ட இந்திய ஆர்க்டிக் கொள்கையும் இத்தொடர்பை அறிவதை வலியுறுத்துகிறது.

பொருளாதார நோக்கில் இங்கு ஒரு முக்கியமான உண்மை உண்டு. சாலை அமைக்கும் பணியை ஓராண்டு ஒத்திவைத்தால், கூடுதல் செலவில் அடுத்த ஆண்டு அமைத்துவிடலாம். ஆனால், அளக்கத் தவறிய ஒரு குளிர்காலத்தை எவ்வளவு பணம் கொடுத்தும் பின்னர் பெறமுடியாது. பதிவுத் தொடரின் மதிப்பு அதன் நீளத்தையும் இடைவெளியின்மையையும் பொறுத்தது. பத்தாண்டுப் பதிவு இயல்பான ஏற்ற இறக்கத்தை மட்டுமே காட்டக்கூடும்; முப்பதாண்டுப் பதிவு நிலையான மாற்றத்தைக் காட்டும்.

எனவே, ஹிமாத்ரியின் பயனை அங்கு சென்று வந்த குழுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. பதிவேட்டில் எத்தனை மாதங்கள் வெற்றிடமின்றி நிரம்பியுள்ளன என்பதே உரிய அளவுகோல். நிதி ஒதுக்கும் அதிகாரிகள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். இன்று கல்லூரியில் பயிலும் மாணவர்கள் நாளை விஞ்ஞானிகளாகி அப்பதிவேட்டைப் புரட்டும்போது, நாம் விட்டுச் சென்ற வெற்றிடங்களை அவர்களால் நிரப்ப இயலாது.